பன்னிரண்டரைக் குடை

மாமா என்பது வகுப்பு அவருக்கு வைத்த பெயர். வைத்தது வகுப்பு என்றாலும் எடுத்துக் கொடுத்தது கணக்குப் பாடம் நடத்த வந்த விரிவுரையாளர்தான். மாலைநேரக் கல்லூரியில் முதல் நாள், வருகைப் பதிவை வாசித்துக்கொண்டே வந்தவள், கடைசி பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதரின் முறை வந்ததும், பெயரைச் சொல்ல வாய் வராமல், பழக்க தோஷத்தில் "மாமா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"வந்திருக்கேன், மேடம்" என்று அவர் எழுந்து நின்று சொன்னார்.

மாமனார் மருமகளை மேடம் என்கிறார். மேடம் மாணவரை மாமா என்கிறாள். வகுப்பு சிரிப்பை அடக்க என்ன பாடுபட்டிருக்கும். அன்றிலிருந்து, பகலெல்லாம் பஸ் டெப்போவில் கணக்கு எழுதிவிட்டு வருகிறவனுக்கும், மருந்துக்கடையில் நின்றுவிட்டு வருகிறவளுக்கும் அவர் மாமாதான்.

ஓய்வு பெற்ற மனிதர் பொருளாதாரம் படிக்க வந்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். விஷயம் அதுவல்ல. அவர் விலைவாசி அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே தலைவராக இருந்தவர். கடைத்தெருவில் எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று ஊழியர்கள் வாரந்தோறும் விசாரித்து வந்து சொல்ல, அதைச் சுவரில் மாட்டிய பெரிய கட்டத்தாளில் ஏற்றுவது அவருடைய பிரிவின் வேலை. ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசிய மேலதிகாரி, "பட்டம் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்தவர்" என்று மனமுவந்து பாராட்டினார். மாமாவின் காதில் 'பட்டம் இல்லாமலே' என்பதைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும், முள் இருக்கிற வார்த்தையைத்தான் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, முதலாமாண்டுப் பொருளாதார மாணவர்களுக்குக் கணக்கும் புள்ளியியலும் கட்டாயப் பாடம் என்பதும், அதை நடத்தப்போவது தன் மகனுடைய மனைவி என்பதும். அவள் அந்தக் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். இன்னும் தற்காலிகம்தான். அந்த ஆண்டு முடிவில்தான் நிரந்தரம் ஆக்குவார்கள், ஆக்காமலும் விடுவார்கள்.

மாமா வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் மகன், மருமகள், அவர் மூன்று பேர்தான். ஆனால் பேசிய தோரணையில் பின்னால் ஒரு பேரவையே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் சிபாரிசுல ஒரு பென்சில்கூட வாங்கினதில்ல. அதனால இன்னைலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள கணக்கு நுழையக்கூடாது. நான் கேக்க மாட்டேன், நீ சொல்லக்கூடாது. வகுப்புலயும் நான் சந்தேகம் கேக்க மாட்டேன். கேட்டா, மாமனாருக்குத் தனியா சொல்லித் தர்றாங்கன்னு நாலு பேர் பேசுவாங்க."

"மாமா, வகுப்புல சந்தேகம் கேக்கறது தப்பில்லையே" என்றாள் மருமகள்.

"தப்பா இல்லையாங்கறது வேற. பேச்சு வரக்கூடாது."

கல்லூரியும் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தது. வினாத்தாள் மருமகள் தயாரிப்பாள். மாமாவின் விடைத்தாளை மட்டும் பொருளாதார விரிவுரையாளர் ஒருவர் திருத்துவார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மருமகள் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தால், மாமா கூடத்திலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார். அவள் மேஜைவிரிப்பை எடுத்து எல்லாவற்றையும் மூடுவாள். மூடியது உறுதியான பிறகுதான் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வருவார். சில நாள் தாகம் அதிகமாகி இரண்டு முறை செருமுவார்.

"இது வீடா, தேர்வு மையமா?" என்று மகன் கேட்டான். "அப்பா, நான் இவளோட பேசலாமா? இல்ல, அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

"நீ கணக்குல வீக். உன்னால ஆபத்தில்ல" என்றார் மாமா.

*

வகுப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர.

சராசரி முடிந்து, இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்கிற பாடம் தொடங்கிய அன்று, மருமகள் கரும்பலகையில் ஒரு நிற்கும் கோடும் ஒரு படுத்த கோடும் போட்டாள். படுத்த கோட்டுக்குக் கீழே 'விலை' என்று எழுதினாள். நிற்கும் கோட்டின் பக்கத்தில் 'விற்பனை' என்று எழுதினாள்.

மாமாவுக்கு உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. வாழ்நாள் முழுக்க அவருடைய அலுவலகச் சுவரில் விலை நின்றுகொண்டுதான் இருந்தது. விலை என்றால் ஏறும், இறங்கும். ஏறி இறங்குகிற ஒன்றைப் படுக்கப் போட்டால் அது எங்கே ஏறும்? பொருளாதாரப் பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அதிலும் எல்லாப் படத்திலும் விலை நிமிர்ந்து நின்றது. ஆக, மருமகள் தவறாகப் போட்டுவிட்டாள்.

இங்கேதான் மாமாவின் பெருந்தன்மையைக் கவனிக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் எழுந்து கேட்டிருப்பான். இவர் கேட்கவில்லை. வீட்டுப் பெண்ணின் தவற்றைச் சபையில் சுட்டிக்காட்டுவது அழகல்ல, தற்காலிக வேலையில் வேறு இருக்கிறாள், பாவம். வாயைத் திறக்காமல் தன் நோட்டில் மட்டும் விலையை நிமிர்த்தி வைத்து, விற்பனையைப் படுக்க வைத்துக்கொண்டார். அவள் எக்ஸ் என்று சொன்னதையெல்லாம் விற்பனைக்கு எடுத்துக்கொண்டார், ஒய் என்றதை விலைக்கு. வகுப்பு முழுக்கத் தவறான வழியில் போக, தான் ஒருவர் மட்டும் சத்தம் போடாமல் சரியான வழியில் போவதில் அவருக்கு ஒரு துறவியின் நிறைவு இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்க தலைகீழா எழுதறீங்க."

"பாத்துக்கிட்டே இரும்மா. காலம் பதில் சொல்லும்."

காலம் பதில் சொல்லத்தான் செய்தது. பருவத் தேர்வில் மாமா முதலிடம்.

எப்படி என்று அவரே யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யாரும் காரணம் தேடுவதில்லை. தேர்வின் பெரிய கேள்வி ஒரு குடைக்கடையைப் பற்றியது. கடைக்காரர் வாரம் ஒரு விலை வைத்துப் பார்க்கிறார். விலை எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. விற்ற குடைகள் முறையே எழுபது, ஐம்பது, அறுபது, முப்பது, நாற்பது. படம் வரைந்து, ஒட்டுறவைக் கண்டுபிடித்து, ஒரு வரியில் விளக்க வேண்டும். ஒட்டுறவு என்பது வேறொன்றும் இல்லை. இரண்டு விஷயங்கள் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து நடக்கின்றன என்பதைச் சொல்லும் எண். மாமா வரைந்தார், பெருக்கினார், வர்க்கமூலம் எடுத்தார். மைனஸ் புள்ளி எட்டு என்று வந்தது. அதுதான் விடை. முழு மதிப்பெண்.

அன்று மாலை அவர் நடந்து வந்த நடையைத் தெருவே பார்த்திருக்கும். உறவினர் ஒருவரையும் விடாமல் தொலைபேசியில் அழைத்து, முதலில் உடல்நலம் விசாரித்து, பிறகு வானிலை பேசி, கடைசியில் ஞாபகம் வந்தது போல, "ஆமாம், சொல்ல மறந்துட்டேன்" என்று விஷயத்துக்கு வந்தார். மருமகளின் அப்பாவிடம், அதாவது சம்பந்தியிடம், கூடுதலாக ஒரு வரி சேர்த்தார்: "உங்க பொண்ணு நல்லாத்தான் சொல்லித் தர்றா. அங்கங்க சின்னச் சின்னக் குறை இருக்கு. பெரிசில்ல."

*

புகார் கொடுத்தவன் டெப்போ, பஸ் டெப்போவில் கணக்கு எழுதுகிறவனுக்கு வகுப்பில் அதுதான் பெயர். அதுவரை எல்லாச் சிறு தேர்விலும் முதலாவதாக வந்துகொண்டிருந்தவன். மறைந்து நின்று கல்லெறிகிற ஆள் அல்ல. நடைபாதையில் மாமாவை நிறுத்தி நேராகவே சொன்னான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல கேள்வித்தாள் தயாராகுது. எங்க வீட்டுல சாப்பாடுதான் தயாராகுது. நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுதிக் குடுத்தா என்னப்பா. நான் பாக்காத விசாரணையா" என்றார் மாமா, முதுகைக் கொஞ்சம் கூடுதலாக நிமிர்த்தி.

ஆனால் அது அவரைப் பற்றிய விசாரணை அல்ல என்பது கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. விரிவுரையாளர் வினாத்தாளை வீட்டில் வெளியிட்டாரா என்பதுதான் கேள்வி. ஆம் என்று முடிவானால் நிரந்தரமாக்கும் பேச்சுக்கே இடமில்லை; தற்காலிக வேலையும் போய்விடும். மருமகள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, வழக்கம்போல் சாப்பாடு எடுத்து வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தாரே. அன்று மாமா செருமவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் வரவில்லை.

விசாரணை துறைத்தலைவியின் அறையில் நடந்தது. ஒரு நீள மேஜை, சக்கரம் வைத்த சின்னக் கரும்பலகை, ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த ஒரு செடி. துறைத்தலைவி மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் தேர்வு அலுவலர், எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற மனிதர். எதிரில் டெப்போ. மூலையில் மருமகள், விசாரணை முடியும்வரை பேசக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறோம்" என்றார் துறைத்தலைவி. "தேர்வுல வந்த அதே குடைக்கடை. அதே எண்கள். அடுத்த வாரம் விலையைப் பதிமூணு ஆக்கினா எத்தனை குடை விக்கும்? புள்ளிகளுக்கு நடுவுல போற போக்குக் கோடு போட்டுச் சொல்லுங்க. வகுப்புல நடத்தின பாடம்தான். உங்களுக்குத் தெரிஞ்சு எழுதினீங்கன்னா இது ஒண்ணும் கஷ்டமில்ல."

மாமாவுக்கு மனம் குளிர்ந்தது. இவ்வளவுதானா. எழுந்துபோய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தார். விலையை நிமிர்த்தி நிறுத்தினார், விற்பனையைப் படுக்க வைத்தார். சராசரி விலை பத்து, சராசரி விற்பனை ஐம்பது. பெருக்கினார், வகுத்தார். ஒவ்வொரு வரியையும் சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி வருமாறு அழகாக எழுதினார். அலுவலகத்தில் அவருடைய கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"பன்னிரண்டரைக் குடை."

தேர்வு அலுவலர் எழுதிக்கொண்டார். "அந்த அரைக் குடையை யார்கிட்ட விப்பீங்க?"

"அது மதிப்பீடுங்க. மதிப்பீட்டுல அரை வரலாம்" என்றார் மாமா, சின்னப் பையனுக்குச் சொல்கிற பொறுமையோடு. இந்த ஒன்றில் அவர் சொன்னது சரிதான். தவறான விடைக்கு இவ்வளவு சரியாகப் பரிந்து பேசியதாலேயே விஷயம் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

துறைத்தலைவி டெப்போவைப் பார்த்தார். "நீங்க போடுங்க."

டெப்போ விலையைப் படுக்கப் போட்டான். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இவனும் அந்த வழியிலேயே போகிறான். அவன் மடமடவென்று எழுதி, கோடு கீடு இழுக்காமல் நிறுத்தினான்.

"இருபத்தாறு."

"சரி" என்றார் துறைத்தலைவி.

"எப்படிங்க சரி?" என்றார் மாமா. "விலையைப் படுக்கப் போட்டிருக்காரே. நம்ம பொருளாதாரப் புத்தகத்துல எங்க பாத்தாலும் விலை மேலதானே இருக்கு?"

"அது பொருளாதாரத்துல பழக்கம். நானும் அப்படித்தான் வரைவேன். ஆனா இந்தக் கணக்குல எது காரணமோ அது கீழ, எது விளைவோ அது மேல. கடைக்காரர் விலையை மாத்தறார், அதனால விற்பனை மாறுது. அப்ப விலைதானே காரணம்?"

"மேடம் மூணு மாசமா போர்டுல அப்படித்தானே போட்டாங்க, மாமா" என்றான் டெப்போ. அவன் குரலில் கேலிகூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"போட்டாங்க" என்றார் மாமா. "அது வந்து... அவங்க தப்பாப் போடறாங்கன்னு நினைச்சேன். சபையில சொல்ல வேணாம்னு பெருந்தன்மையா விட்டுட்டேன்."

மூலையில் மருமகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

ஓட்டைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் வந்தவன், தண்ணீர் காலை நனைத்த பிறகு நின்று பார்ப்பதுபோல் மாமா தன் கணக்கைப் பார்த்தார். மூன்று மாதம். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு படமும். சம்பந்தியிடம் சொன்ன அந்தச் 'சின்னக் குறை' வேறு ஞாபகத்துக்கு வந்து முதுகில் தேள் ஊர்வதுபோல் ஊர்ந்தது.

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, உங்களை வருத்தப்படுத்த விரும்பல. ஆனா எங்களுக்கு ஒண்ணு புரியணும். இந்தக் கேள்வி உங்களுக்கு வரல. ஒரே அட்டவணை, ஒரே எண்கள். அப்ப தேர்வுல மட்டும் விடை எப்படிச் சரியா வந்துச்சு?"

தேர்வு அலுவலரின் பேனா காத்திருந்தது. மாமா மூலையைப் பார்த்தார். மருமகள் இப்போது நிமிர்ந்திருந்தாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. தன் வேலையைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமாவுக்குத் தன் மானமும் குடும்ப மானமும் வேறு வேறு பக்கம் நிற்பது தெரிந்தது. இதுவரை இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். தான் தலை நிமிர்ந்து நடந்தால் குடும்பம் நிமிர்ந்து நடக்கிறது என்று கணக்கு. இப்போது தான் கெட்டிக்காரன் என்றால் அவள் திருடி. தான் முட்டாள் என்றால் அவள் நேர்மையானவள். நடுவில் நிற்க இடமில்லை.

"என் விடைத்தாளைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

கொடுத்தார்கள். குடைக்கடைக் கேள்வியைப் புரட்டி எடுத்து மேஜையில் விரித்தார்.

"இந்தப் படத்தைப் பாருங்க. விலை எங்க நிக்குது? நிமிந்து நிக்குது. இப்ப போர்டுல பன்னிரண்டரைன்னு போட்டேனே, அதுலயும் அப்படித்தான் நிக்குது. ரெண்டு இடத்துலயும் ஒரே தப்பு."

"ஆனா இதுல விடை மைனஸ் புள்ளி எட்டுன்னு சரியா வந்திருக்கே" என்றார் தேர்வு அலுவலர்.

மாமாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கரும்பலகைக்குப் போனார். டெப்போ போட்ட மாதிரி விலையைப் படுக்கப் போட்டு ஒட்டுறவைக் கணக்கிட்டார். மைனஸ் புள்ளி எட்டு. தன் வழியில் மாற்றிப் போட்டார். மைனஸ் புள்ளி எட்டு. அவருக்கு ஏதோ பிடிபட்டது. முகம் தெளிந்தது, தன் மடமையின் அடித்தளம் வரை ஒருவன் இறங்கிப் பார்த்துவிட்டால் வருகிற தெளிவு.

"மேடம், இவங்க அப்பா எனக்குச் சம்பந்தி. நானும் அவருக்குச் சம்பந்தி. எந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டாலும் அதே உறவுதான். ஒட்டுறவு அந்த மாதிரி. எதை மேல வெச்சாலும் எதைக் கீழ வெச்சாலும் எண் மாறாது. ஆனா நான் மாமனார், இவங்க மருமக. இதைத் திருப்பிப் போட்டா வீடு தாங்குமா? போக்குக் கோடு அந்த மாதிரி. தேர்வுல கேட்டது சம்பந்தி உறவு. அதனால நான் தப்பிச்சேன். இப்ப நீங்க கேட்டது மாமனார் மருமக உறவு. மாட்டிக்கிட்டேன்."

துறைத்தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரும்பலகையையும் விடைத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். டெப்போ தலையைச் சொறிந்தான். "எண் மாறாதுங்கறது சரிதான், மேடம். சூத்திரத்துல ரெண்டுக்கும் ஒரே இடம்தான்."

"இன்னும் இருக்கு" என்றார் மாமா. வேகம் வந்துவிட்டது. தன்னைத்தானே கூண்டில் ஏற்றி வாதாடுவதில் அவருக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். "கடைசி வரியைப் படிங்க. 'குடைகள் அதிகம் விற்பதால் விலை குறைகிறது.' எவ்வளவு அபத்தம் பாருங்க. விலையை வெச்சவர் கடைக்காரர். இதைத் திருத்தின ஐயா பொருளாதாரக்காரர். விலையும் விற்பனையும் எதிரெதிரா போகுதுன்னு பாத்ததும் டிக் போட்டுட்டார். கேக்கறேன், இவங்க எனக்கு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா இந்த வரி இப்படி இருக்குமா? இந்தப் படம் இப்படி இருக்குமா?"

"வேணும்னே தப்பா எழுதியிருக்கலாமே" என்றார் தேர்வு அலுவலர். "சந்தேகம் வரக்கூடாதுன்னு."

"வேணும்னே தப்பா எழுதணும்னா சரி எதுன்னு தெரிஞ்சிருக்கணும், சார். எனக்குத் தெரியாதுன்னு அரைமணி நேரமா நாலு பேரும் கண்ணால பாத்தீங்க."

துறைத்தலைவிக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"அதனால," என்று மாமா முடித்தார், "எனக்குக் குடுத்த மார்க்கைக் குறைங்க. படத்துக்குக் குடுத்ததை எடுங்க. விளக்கத்துக்குக் குடுத்ததை எடுங்க. அந்த மைனஸ் புள்ளி எட்டுக்குக் குடுத்ததையும் எடுங்க. அது நானாப் போட்டது இல்ல, தானா வந்தது."

"விடை சரியா இருந்தா அந்த மார்க்கை எடுக்க விதியில்ல" என்றார் தேர்வு அலுவலர்.

"விதியைப் பாக்காதீங்க, நியாயத்தைப் பாருங்க."

"ஐயா, எல்லாரும் இங்க வந்து மார்க் போடச் சொல்லித்தான் சண்டை போடுவாங்க" என்றார் துறைத்தலைவி. "நீங்க குறைக்கச் சொல்லிச் சண்டை போடறீங்க."

கடைசியில் படத்துக்கும் விளக்கத்துக்கும் உண்டான மதிப்பெண்கள் போயின. எண்ணுக்கு உண்டானது அவர் எவ்வளவோ மன்றாடியும் போகவில்லை. முதலிடத்திலிருந்து வகுப்பின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்தார். வினாத்தாள் வெளியானதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஆகாததற்கு ஆதாரம் மேஜைமேல் இருக்கிறது, விரிவுரையாளர் மீது குற்றமில்லை என்று துறைத்தலைவி சொல்லச் சொல்ல அலுவலர் எழுதிக்கொண்டார். மூலையில் மருமகள் மெல்ல மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

"இதோட ஒரு வாக்குமூலம் வேணும்" என்றார் அலுவலர். "கோப்புக்கு." ஒரு தாளில் தானே இரண்டு வரி எழுதி நீட்டினார். மாமா வாசித்தார். 'மேற்படி பாடப்பகுதியில் எனக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

மாமாவுக்கு முகம் சுளித்தது. அவர் பிரிவுத் தலைவராக இருந்தபோது அரைகுறை வரைவு எதுவும் அவர் மேஜையைத் தாண்டிப் போனதில்லை.

"இது ஆகாது, சார். 'போதிய தேர்ச்சி இல்லை'ன்னா கொஞ்சம் தேர்ச்சி இருக்குன்னு அர்த்தம். அந்தக் கொஞ்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாளைக்கு வேற ஒருத்தர் கேப்பார். பழி மறுபடியும் அவங்க மேல விழும். புதுத் தாள் எடுங்க, நான் சொல்றேன்."

அலுவலர் எடுத்தார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் நடந்தபடி சொன்னார். 'விலையை எந்த அச்சில் வைப்பது என்பதே எனக்கு இன்று வரை அறவே தெரியாது. வகுப்பில் விரிவுரையாளர் பலமுறை சரியாக வரைந்து காட்டியும், அவர் தவறு செய்வதாக நானே முடிவு செய்துகொண்டு தவறாக எழுதிவந்தேன். என் வீட்டில் யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு பெரிய மடத்தனம் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.' எழுதி முடித்ததும் வாங்கி ஒருமுறை வாசித்தார். எங்கும் சந்து பொந்து இல்லை. இவ்வளவு கச்சிதமான வரைவைத் தன் பணிக்காலத்தில்கூடத் தயாரித்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்ததையும் அவரே பிடித்துக்கொண்டார். நம் மாதிரி ஆட்களுக்கு, நம்மை நாமே முட்டாள் என்று எழுதிக்கொடுத்தாலும், அதை மற்றவர்களைவிட நன்றாக எழுதியாக வேண்டும்.

"மடத்தனம்னெல்லாம் வேணாமே, மாமா" என்றாள் மருமகள். விசாரணை முடிந்துவிட்டதால் இப்போது அவள் பேசலாம்.

"இருக்கட்டும்மா. அந்த வார்த்தைதான் உனக்குக் காவல்."

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றார் அலுவலர். "உறவுக்காரர் போடக்கூடாது."

"நான் போடறேன்" என்று டெப்போ எழுந்தான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டான். "மாமா, இதுக்கு எனக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?"

"கிடைக்காது" என்றார் மாமா.

அவர் கையெழுத்து எப்போதும் போல் நீளமாக, கடைசியில் ஒரு சுழியோடு விழுந்தது. அதற்குக் கீழே பதவி என்று ஒரு இடம் இருந்தது. பழக்கத்தில் 'பிரிவுத் தலைவர்' என்று எழுதப் பேனா இறங்கியது. நிறுத்திக்கொண்டார். இப்படிப்பட்ட தாளில் அந்த அலுவலகத்தின் பெயரை இழுப்பது முறையல்ல. அங்கே படுத்திருந்தவை வாரங்கள்; விலை நிமிர்ந்து நின்றதில் தவறொன்றும் இல்லை. சற்று யோசித்துவிட்டு, 'முதலாமாண்டு மாணவர்' என்று எழுதினார்.